துறைமுகத்து உழைப்பாளியும் நோய்க்காலக் காப்பும்

திருக்கோணமலையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கப்பல்களையே எண்ணினர். போர்த்துக்கீசர் எப்போது வந்தனர், ஒல்லாந்தர் எங்கே கோட்டை அமைத்தனர், ஆங்கிலேயர் 1795ஆம் ஆண்டில் அக் கோட்டையை எவ்வாறு கைப்பற்றினர் என்பனவெல்லாம் ஏடுகளில் விரிவாக உள்ளன. ஆனால் அக் கப்பல்களிலிருந்து மூட்டைகளை இறக்கிய தோள்களின் சரித்திரம் அவ்வளவு விரிவாக எழுதப்படவில்லை. துறைமுகத்தின் ஆழத்தை அளந்தவர்கள் துறைமுகத்து உழைப்பாளியின் குடிசையை அளந்து பார்க்கவில்லை.

மூட்டை சுமக்கும் நாட்டாமை, சரக்குத் தோணி தள்ளுபவன், கரைவலை இழுப்பவன், கூடையிலே மீன் சுமந்து விற்கும் பெண், வீதி கூட்டுபவன் ஆகிய இவர்களெல்லாம் அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பவர்கள். இவர்களுள் ஒருவர் காய்ச்சலால் ஒரு கிழமை படுத்துவிட்டால் அவரையும் அவர் வீட்டாரையும் பார்ப்பவர் யார்? இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இக் கேள்விக்குக் கிடைத்த விடைகள் பலவாக மாறி வந்துள்ளன. அம் மாற்றங்களை ஒழுங்குபடுத்திக் கூறி, இன்று நமது வாலிபர்கள் செய்யத்தக்கது யாது என்பதை ஆராய்வதே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவனார் வைத்தியத்துக்கு நான்கு உறுப்புகளை வகுத்தார். நோயாளி, நோயைத் தீர்க்கும் வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன் என்பன அவை. இந்த நான்கினுள் நான்காவதை நாம் எளிதிலே மறந்துவிடுகிறோம். வைத்தியனும் மருந்தும் கிடைத்த பின்னரும் அருகிருந்து பார்ப்பவன் இல்லாவிட்டால் ஏழையின் நோய் தீர்வதில்லை. அருகிருப்பவன் வேலைக்குப் போகாது நின்றுவிட்டாலோ அவ் வீட்டிலே அடுப்பு எரிவதில்லை. இந்த முடிச்சை அவிழ்ப்பதற்கு உலகம் எடுத்த முயற்சியின் பெயரே நோய்க் காப்புறுதி.

தருமத்தின் காலம்

ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் அரசாங்க வைத்தியம் என்பது படையினருக்கான வைத்தியமே. கோட்டையிலிருந்த சிப்பாய் சாகாதிருக்க வேண்டும் என்பது அதன் முதல் நோக்கம். எனினும் தொற்றுநோய் சிப்பாயையும் கூலியையும் பிரித்தறிவதில்லை. வைசூரி நாட்டைச் சூறையாடிய அக் காலத்தில், 1802ஆம் ஆண்டிலே அம்மைப்பால் குத்தும் முறை இலங்கையிற் புகுந்தது. அக் காலத்து வைத்திய அதிபராகிய தோமஸ் கிறிஸ்ரி என்பார் அதனை ஊர்களெங்கும் பரப்ப முயன்றார். பொதுமக்கள் அனைவருக்குமாக அரசாங்கம் எடுத்த முதற் பெரும் சுகாதார முயற்சிகளுள் அதனை வைத்து எண்ணலாம்.

1858ஆம் ஆண்டிலே படைவைத்தியத்திலிருந்து வேறாகச் சிவில் வைத்தியத் திணைக்களம் தோன்றியது. 1870இல் கொழும்பிலே வைத்தியக் கல்லூரி ஆரம்பமாயிற்று. 1897இல் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச்சட்டம் பிறந்தது. நோயோடு வரும் கப்பலைக் கரையணையவிடாது தடுத்து வைக்கும் அதிகாரம் அச் சட்டத்தின்வழி வந்தது. துறைமுகப் பட்டினங்களுக்கு இது பெரும் காவல். ஆயினும் அது கடலிலிருந்து வரும் நோயைத் தடுக்கும் காவலேயன்றி, கரையிலே நோயுற்றுக் கிடப்பவனின் வீட்டுக்கு அரிசி கொடுக்கும் ஏற்பாடன்று.

அரிசி கொடுக்கும் வேலையைத் தருமவான்கள் செய்தனர். கொழும்பிலே 1831இல் ஏழைகளுக்கு உதவும் நண்பர் சங்கம் தோன்றியது. யாழ்ப்பாணத்திலும் அத்தகைய சங்கமொன்று அமைந்தது. அரசாங்க அதிபராயிருந்த டைக் துரையின் ஊக்கத்தால் அச் சங்கத்தின் தர்மாஸ்பத்திரி 1850இல் எழுந்தது. இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் வேர் அதுவே. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து தமிழிலே வைத்தியம் கற்பித்து, தமிழிலே வைத்திய நூல்களும் ஆக்கினார். நோயாளியின் மொழியிலே வைத்தியன் பேசவேண்டும் என்ற உண்மையை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

தருமத்துக்கு ஒரு குறையுண்டு. கொடுப்பவர் மனம் வைத்தாற் கிடைக்கும், வையாவிடிற் கிடையாது. வாங்குபவன் தலை குனிந்தே வாங்கவேண்டும். இதனை உணர்ந்த அரசாங்கம் 1939ஆம் ஆண்டிலே வறியோர் சட்டத்தை இயற்றி, ஏழைகளைப் பராமரிக்கும் கடமையை நகராட்சிகளின்மேல் வைத்தது. ஆனால் அது நடைமுறைக்கு வந்தது கொழும்பு, கண்டி, காலி ஆகிய மூன்று மாநகரங்களிலே மாத்திரம். திருக்கோணமலை போன்ற பட்டினங்கள் அதற்கு வெளியே நின்றன. துறைமுகம் உலகப் புகழ் பெற்றிருந்தும் துறைமுகத்து ஏழைக்குச் சட்டப்படியான உரிமை அந்நாளிற் கிட்டவில்லை.

வீடு தேடி வந்த வைத்தியம்

இருபதாம் நூற்றாண்டிலே இலங்கை கண்ட பெரிய புதுமை யாதெனில், நோயாளி வைத்தியசாலையைத் தேடிப் போகும் வழக்கத்தோடு, சுகாதார ஊழியர் வீட்டைத் தேடி வரும் வழக்கமும் சேர்ந்தமையாகும். றொக்பெல்லர் ஸ்தாபனத்தின் உதவியுடன் 1926ஆம் ஆண்டிலே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. சுகாதார வைத்திய அதிகாரி, சுகாதாரப் பரிசோதகர், தாதி, மருத்துவிச்சி ஆகியோர் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் வாழும் மக்கள் அனைவருக்கும் பொறுப்பாயினர். கிணறு சுத்தமா, மலகூடம் உண்டா, கர்ப்பிணி எத்தனை மாதம், பிள்ளைக்கு அம்மைப்பால் குத்தியாயிற்றா என்று வீடுவீடாகக் கேட்டறிவது அவர்களது தொழில். இம் முறை பின்னர் நாடெங்கும் பரவியது.

1931ஆம் ஆண்டிலே ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்ததும் இதற்குத் துணையாயிற்று. வாக்குக் கேட்டு வருபவனிடம் ஆஸ்பத்திரி கேட்க ஏழையும் அறிந்துகொண்டான். 1934 பிற்பகுதியில் தொடங்கி 1935 வரை நீடித்த மலேரியாக் கொள்ளைநோய் சில மாதங்களுள் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுசென்றது. மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகி நுளம்பு பெருகிய தென்மேற்குப் பகுதிகளிலே அழிவு கொடிது. பசியால் மெலிந்திருந்த குடும்பங்களே பெரிதும் மாண்டன. வறுமையும் நோயும் ஒன்றையொன்று வளர்ப்பன என்பதை அப்போது நாடு முழுவதும் கண்டது.

திருக்கோணமலை உள்ளிட்ட வறண்ட வலயத்திலோ மலேரியா கொள்ளைநோயாக வந்து போகும் விருந்தாளியன்று. ஆண்டுதோறும் வீட்டிலிருந்த நோய். 1946 தொடக்கம் டி.டி.ரி. தெளிக்கும் இயக்கம் நாடெங்கும் நடைபெற்றது. 1946இல் ஆயிரம் பேருக்கு 20 அளவிலிருந்த மரண விகிதம் 1947இல் 14 அளவுக்கு இறங்கியது. பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் முதலாண்டிலே மாண்டவை 141 ஆக இருந்து 101 ஆயின. இது முழுவதும் டி.டி.ரி. ஒன்றாலே விளைந்ததா, உணவுப் பங்கீடும் வைத்தியசாலைகளும் மருத்துவிச்சிகளும் எவ்வளவு பங்கு கொண்டனர் என்று அறிஞர்கள் பின்னர் நெடிது வாதாடினர். பலவும் ஒருங்கு சேர்ந்தே பயன் தந்தன எனக் கொள்வதே பொருத்தமாகும். 1963இலே மலேரியா கண்டவர் 17 பேரே என்ற நிலை வந்தது. காவல் தளர்ந்தது, அவ்வாண்டுகளின் இறுதியிலே நோய் இலட்சக்கணக்கானோரைப் பிடித்து மீண்டும் பரவியது. பின்னர் பல்லாண்டு உழைப்பின் பயனாக 2016ஆம் ஆண்டிலேதான் இலங்கை மலேரியா அற்ற நாடென உலகச் சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. காவலைக் கைவிடாதிருத்தலே காப்பு என்பது இதனாற் பெறப்படும்.

தளம் போன போது

நமது துறைமுகத்துக்கே உரிய ஒரு பாடம் உண்டு. அது கடற்படைத் தளத்தின் பாடம்.

ஆங்கிலேயரின் கடற்படைத் தளமும் சீனன்குடாப் பக்கத்து எண்ணெய்த் தாங்கிகளும் விமானத் தளமும் திருக்கோணமலைக்கு உழைப்பைக் கொண்டுவந்தன. நாட்டின் பல திசைகளிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் தொழிலாளர் வந்து குடியேறினர். தளத்தின் சம்பள நாளே கடைத்தெருவுக்குத் திருநாள். 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மேல் குண்டு வீசின. ஜனங்கள் ஊரை விட்டு உட்புறங்களுக்கு ஓடினர். உலகப் போரிலே துறைமுகத்துக்கு வந்த பெருமையின் விலையைத் துறைமுகத்து எளியவர்களும் செலுத்தினர்.

1957ஆம் ஆண்டு ஒக்ரோபர் 15ஆம் தேதி தளம் இலங்கையின் கைக்கு மாறியது. 1947 தொடக்கம் 1951 வரை சுகாதார மந்திரியாயிருந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா அப்போது பிரதம மந்திரி. நாட்டின் சுதந்திரத்துக்கு அது முழுமை தந்த நாளென்பதில் ஐயமில்லை. அதே வேளையில், தளத்தை நம்பி வாழ்ந்த பலருக்கு வேலை போயிற்று. வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் நூற்றுக்கணக்கானோரைப் பொலன்னறுவைப் பக்கத்திலே குடியேற்ற எண்ணியதும், அதற்கெழுந்த எதிர்ப்பும், 1958ஆம் ஆண்டுக் கலவரத்துக்கு முன்னரான நிகழ்ச்சிகளிலே இடம்பெற்றுவிட்டன. உழைப்பாளியின் சோற்றுக் கவலை அரசியல் நெருப்புக்கு விறகாய்ப் போன துயர வரலாறு அது.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் இது: எஜமானோடு கட்டப்பட்ட காப்பு எஜமானின் கப்பலோடு போய்விடும். வேலையோடு வந்த வசதி எதுவாயினும் வேலை போன அன்றே போகும். ஆனால் நோய் அன்றோடு போவதில்லை. வேலையற்ற வீட்டிலேதான் அது நிலைத்து உட்காரும்.

அந்த வேளையில் திருக்கோணமலைத் தொழிலாளிக்கு ஒரு பற்றுக்கோடு இருந்தது. கப்பலோடு போகாத அரசாங்க ஆஸ்பத்திரியே அது. அது எவ்வாறு இலவசமாயிற்று என்பதை அறிய நாம் சிறிது வெளியுலகையும் நோக்க வேண்டும்.

காப்புறுதி வழியும் வரி வழியும்

நோய்க் காப்புறுதியை முதன்முதலிற் சட்டமாக்கிய தேசம் ஜெர்மனி. 1883இல் பிஸ்மார்க் காலத்திலே, தொழிலாளியும் முதலாளியும் சந்தா செலுத்தி, நோயுற்ற காலத்திலே வைத்தியமும் படிப்பணமும் பெறும் ஏற்பாடு வந்தது. பிரித்தானியா 1911இல் அவ்வழியைப் பின்பற்றியது. தொழிலாளி கிழமைக்கு 4 பென்சும், முதலாளி 3 பென்சும், அரசாங்கம் 2 பென்சும் செலுத்துவதென வகுத்தனர். ஆனால் சந்தா செலுத்திய தொழிலாளிக்கு வைத்தியம் உண்டு, அவன் மனைவி மக்களுக்கு இல்லை. அக் குறை தீர 1948 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் தேசிய சுகாதார சேவை எல்லாருக்கும் வைத்தியத்தைப் பொதுவாக்கியது. இந்தியாவும் அதே 1948இல் தொழிலாளர் அரசாங்கக் காப்புறுதிச் சட்டத்தை நிறைவேற்றி, 1952இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது கோயம்புத்தூருக்கும் வந்தது. எனினும் அது ஆலைத் தொழிலாளிக்கே முதலில் உரியதாயிற்று. வண்டியிழுப்பவனுக்கும் கூடைக்காரிக்கும் அதில் இடமில்லை.

இலங்கையிலும் இவ்வாராய்ச்சி நடந்தது. 1944இல் ஐவர் ஜெனிங்ஸ் அவர்களின் தலைமையில் சமூக சேவைகள் பற்றிய ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கை 1947இல் வெளிவந்தது. 1948இல் சமூக சேவைத் திணைக்களம் பிறந்தது. 1950இல் அவுஸ்திரேலிய சுகாதார நிபுணர் கம்ஸ்ரன் வைத்திய நிர்வாகத்தை ஆராய்ந்து அறிக்கை தந்தார். 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளிலே கட்டணம் நீக்கப்பட்டது. 1952இல் சுகாதார சேவைகள் சட்டம் வந்தது. சந்தா வாங்கும் வழியை விட்டு, பொதுவரியிலிருந்து செலவழிக்கும் வழியை இலங்கை தேர்ந்தது.

அது அறிவுடைய தேர்வே. காப்புறுதிச் சந்தாவை வசூலிக்க ஒரு சம்பளப் பட்டியல் வேண்டும். அக் காலத்து இலங்கை மக்களுட் பெரும்பாலார் வயலிலும் கடலிலும் நாட்கூலியிலும் பிழைத்தவர்கள். வத்தைக்காரனுக்குச் சம்பளப் பட்டியல் ஏது? கரைவலைக்காரனின் வருமானம் அன்றைய மீனைப் பொறுத்தது. அவனிடம் மாதந்தோறும் சந்தா கேட்டால், கொடுக்க முடியாத மாதத்திலே அவன் காப்பை இழப்பான். கொடுக்க முடியாத மாதமே பெரும்பாலும் நோய் வந்த மாதமுமாகும். ஆகவே சந்தாவைக் கேளாது வாயிலைத் திறந்து வைத்தமை நமது ஏழைகளுக்குப் பெரும் பேறாயிற்று. 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கும் முறை புகுந்தது. 1977இல் அது கைவிடப்பட்டது. இருபத்தைந்து சதம் அற்பமெனத் தோன்றலாம். அற்பமென்று தோன்றாத வீடுகளும் இருந்தன.

பலன் கண்கூடு. 1946இல் ஆயிரம் பிரசவத்துக்குப் பதினைந்து தாய்மார் வரை இறந்த நாட்டிலே இக் காலத்தில் இலட்சம் பிரசவத்துக்கு நாற்பதுக்கும் குறைவானோரே இறக்கின்றனர். நம்மைவிடச் செல்வம் மிக்க பல தேசங்களும் இதனை வியந்து நோக்குகின்றன. இதிலே பெரும் பங்கு, வீடுவீடாக நடந்த மருத்துவிச்சிமாருடையது.

இலவச வைத்தியம் ஈடுசெய்யாதது

எனினும் இலவச ஆஸ்பத்திரி நோய்க்கு மருந்து கொடுக்கும்; நோய் தின்ற கூலியைக் கொடாது. இதுவே நம் சிந்தனைக்குரிய மையப் பொருள்.

கூலியைக் காக்கும் சட்டங்கள் இல்லாமலில்லை. வேலையிலே விபத்துற்றவனுக்கு நட்டஈடு கொடுக்கும் கட்டளைச்சட்டம் 1934இல் வந்தது. பிள்ளைப்பேற்றுக் காலத்திலே பெண் தொழிலாளிக்குப் பணம் கொடுக்கும் சட்டம் 1939இல் வந்தது. கடைகளிலும் கந்தோர்களிலும் வேலைசெய்வோருக்கு லீவு உரிமை தந்த சட்டம் 1954இல் வந்தது. ஊழியர் சேமலாப நிதி 1958இல் வந்தது. இவை நான்கும் நல்ல சட்டங்களே. ஆனால் நான்கும் ஓர் எஜமானைத் தேடுகின்றன. இன்று ஒரு முதலாளியிடமும் நாளை வேறொரு முதலாளியிடமும் வேலை செய்பவனுக்கு, தானே தனக்கு முதலாளியான தோணிக்காரனுக்கு, இச் சட்டங்களின் கதவு திறப்பதில்லை. கடற்படைத் தளம் நமக்குக் கற்பித்த பாடம் சட்டப் புத்தகத்திலும் அவ்வாறே எழுதப்பட்டிருக்கிறது.

போக்குவரத்தும் ஒரு செலவு. மூதூர் மக்கள் கொட்டியாரக் குடாவை மோட்டார்ப் படகிலே கடந்து பட்டினத்துக்கு வந்தனர். கிண்ணியா மக்கள் 2009இல் பாலம் திறக்கப்படும்வரை பாதையிலே ஏறிக் கடந்தனர். காற்றுக் காலத்திலே நோயாளியோடு துறையில் நின்றவர்களின் கவலையைப் பட்டினத்தார் முழுதும் அறியார். பெரிய சிகிச்சைக்கெனக் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பினால், உடன் செல்பவரின் உணவும் தங்குமிடமும் யார் தலையில்? வைத்தியம் இலவசமாயிருந்தும் காதிலிருந்த தோடு அடகு கடைக்குப் போனது எத்தனை வீடுகளில்!

மேலும், வெளியிலே வாங்கும் மருந்தும் பரிசோதனையும் வரவர அதிகமாயின. இக் காலத்து இலங்கையில் வைத்தியத்துக்காகச் செலவாகும் மொத்தப் பணத்திலே நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் மக்கள் தம் கையாலே நேராகக் கொடுப்பது. அதிற் பெரும் பகுதி வசதியுள்ளோர் செலவழிப்பதுதான். ஆயினும் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலே அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டபோது, சீட்டைக் கையிற் பிடித்துக்கொண்டு மருந்துக் கடைகளில் ஏறி இறங்கியவர்களுள் நாட்கூலிக்காரரும் இருந்தனர்.

நம்மிடமிருந்த காப்புறுதி

காப்புறுதி என்பது மேல்நாட்டார் தந்த புதுப் பொருளென எண்ணுவது தவறு. நமது ஊர்களிலே மரண உதவிச் சங்கம் இல்லாத பகுதி அரிது. மாதம் சிறு பணம் சேர்த்து, ஒரு வீட்டிலே சாவு நேர்ந்தால் பந்தலும் கதிரையும் பணமும் கொடுத்துக் காரியம் முடித்துவைக்கும் அச் சங்கம் முழுமையான காப்புறுதிச் சங்கமே. ஆனால் அதன் பணம் உயிர் போன பின்னரே வருகிறது! உயிர் போகாமற் காப்பதற்கு அதே வழியை ஏன் கைக்கொள்ளலாகாது என்று கேட்பது நியாயம்.

அவ்வாறு கேட்டவர்களும் உளர். கூட்டுறவு நாணய சங்கங்களுக்கு இலங்கையிலே 1911இல் சட்டம் பிறந்தது. அக் கூட்டுறவு நெறியை வைத்தியத்துக்கும் பொருத்தி, யாழ்ப்பாணத்து மூளாயிலே ஊரவர் 1930களின் நடுப்பகுதியிற் கூட்டுறவு வைத்தியசாலையொன்றை எழுப்பினர். ஊர்ப் பணத்தால், ஊரார் நிர்வாகத்தால் ஒரு வைத்தியசாலை நடக்கக்கூடும் என்று அது காட்டியது.

அரசாங்கமும் பின்னாளிலே இவ்வழியைத் தொட்டது. 1995இல் தொடங்கிய சமுர்த்தித் திட்டத்திலே, உதவி பெறும் குடும்பங்களிடம் மாதந்தோறும் சிறு தொகை பிடித்து, பிறப்பு, திருமணம், வைத்தியசாலையிலே தங்குதல், மரணம் ஆகிய நான்குக்கும் பணம் கொடுக்கும் சமூகக் காப்புறுதி இருந்தது. வைத்தியசாலையிலே தங்கிய நாளுக்குப் பணம் என்பதை ஊன்றி நோக்குக. நோய் தின்ற கூலியிலே ஒரு துளியை ஈடுசெய்ய அரசாங்கம் எண்ணியதன் அடையாளம் அது. 2023இல் சமுர்த்தி உதவிப் பணத்தின் இடத்தை அஸ்வெசும என்னும் புதுத் திட்டம் எடுத்துக்கொண்டது.

தமிழ்நாடு வேறொரு வழியை மேற்கொண்டது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அது 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடைபெறுகிறது. ஏழைக் குடும்பத்துக்கான சந்தாவை அரசாங்கமே செலுத்துகிறது. இருதய சத்திரசிகிச்சை போன்ற பெருஞ் செலவுகளிலே அது பலரைக் காத்தது. ஆனால் படுக்கையிற் சேர்க்காத நோய்க்கு, தினந்தோறும் விழுங்க வேண்டிய நீரிழிவு மாத்திரைக்கு, அது பெரிதும் உதவாது. அங்கே அக் குறையை அரசாங்க ஆஸ்பத்திரிகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களுமே நிரப்புகின்றன. இவையன்றி, 1987இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயராலே தொடங்கிய மகப்பேற்று உதவித் திட்டம் ஏழைக் கர்ப்பிணிகளின் கையிலே பணத்தைக் கொடுத்து வருகிறது. கூலி இழப்பதும் ஒரு நோயே என்று அத் திட்டம் ஒப்புக்கொள்கிறது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால் ஒன்று தெளிவாகும். வைத்தியத்தைப் பொதுவரியாலே அனைவருக்கும் திறந்து வைத்த இலங்கையின் வழியை நாம் ஒருபோதும் கைநழுவ விடலாகாது. காப்புறுதி அட்டையைக் காட்டினாலன்றி உள்ளே விடமாட்டேன் என்னும் வைத்தியசாலை நமக்கு வேண்டாம். காப்புறுதி வேண்டுவது வைத்தியத்துக்கு வெளியே நிற்கும் இழப்புகளுக்காக: கூலிக்கும், வழிச்செலவுக்கும், அருகிருப்பவரின் சோற்றுக்கும்.

வாலிபர் செய்யத்தக்கவை

சமூக சேவையை ஓர் ஒழுங்கான கல்வியாகப் பயிற்ற இலங்கையிலே 1952இல் நிறுவனம் ஏற்பட்டது. அதற்கும் முன்பே, கனடாவிலே பிறந்து தமிழரை மணந்து இந் நாட்டவராகிவிட்ட டொக்டர் மேரி இரத்தினம் 1930இல் லங்கா மகிளா சமித்தியை ஆரம்பித்து, கிராமப் பெண்களுக்குச் சுகாதார அறிவையும் கைத்தொழிலையும் கற்பித்தார். 1958இல் மக்சாசே பரிசு அவரைத் தேடி வந்தது. அவர் கொடுத்தது பெரும் பணமன்று. ஒழுங்கான, இடைவிடாத உழைப்பு. வாலிபர் சங்கங்களாலும் கொடுக்கக்கூடியது அதுவே.

முதலாவது, அருகிருக்கும் பணி. வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல ஆளில்லாத முதியவர், சீட்டிலே எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாதவர், வேறு ஊருக்கு அனுப்பப்பட்டு மொழி தெரியாது தவிப்பவர் ஆகியோருக்குத் துணைபோக வாலிபர்கள் முறைவைத்துக் கொள்ளலாம். இதற்குப் பணம் வேண்டியதில்லை. நேரமும் பொறுமையும் வேண்டும்.

இரண்டாவது, அறிவிக்கும் பணி. அரசாங்கத்தின் உதவிகள் பலவும் விண்ணப்பத்தாளின் வாயிலிலே நின்றுவிடுகின்றன. 1978இல் சட்டமூலம் அமைந்த ஜனாதிபதி நிதியத்திலிருந்து பாரிய சிகிச்சைகளுக்கு உதவி பெறலாம் என்பதை அறியாத ஏழைகள் பலர். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கும் ஒரு மேசையும், கிழமைக்கு ஒரு மாலையும், இரு வாலிபரும் போதும்.

மூன்றாவது, நோய்க்கால உதவி நிதி. மரண உதவிச் சங்கங்களின் முறையையே அடிப்படையாக வைத்து, ஒரு வீதியார் அல்லது ஒரு தொழிலார் கூடி, படுத்த நாளுக்கு இவ்வளவு என வரையறுத்துக் கொடுக்கும் நிதி. இதிலே மூன்று நெறிகள் தவறக்கூடாது. கணக்கு மாதந்தோறும் எல்லாருக்கும் வாசித்துக் காட்டப்பட வேண்டும். சந்தா தவறியவனை உடனே நீக்காது தவணை கொடுக்க வேண்டும்; ஏனெனில் தவறியவனே தேவையுள்ளவன். மூன்றாவதாக, இந்துவென்றும் முஸ்லிமென்றும் கிறிஸ்தவரென்றும் சிங்களவரென்றும் பாராது, அத் துறையிலே உழைக்கும் யாவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு அறக் காரணம் ஒருபுறமிருக்க, கணக்குக் காரணமும் உண்டு. காப்புறுதி பலர் சேரச் சேரப் பலப்படுவது. சிலரோடு நின்றால் ஒரு கொள்ளைநோயிலே உடைந்துபோவது. ஒரே குடாவின் காற்றை உண்பவர்களுக்கு நோயும் பொதுவே.

பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆலயத் திருவிழாவுக்கும் மண்டபத்துக்கும் வாரி வழங்கும் கை நமது பட்டினத்திலே குறைந்ததில்லை. 1964ஆம் ஆண்டுச் சூறாவளியிலும், போர்க்கால இடப்பெயர்வுகளிலும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையிலும் முன்னின்று சோறிட்டவர்கள் நம்மவர். பேரிடரிலே கசிந்த அந் நெஞ்சு, ஆரவாரமில்லாத காய்ச்சலுக்கும் கசிய வேண்டும். நிதிக்கு முதற் பணம் பெரியோர் தரலாம். கணக்கும் கால்நடையும் இளையோர் தரலாம்.

திருக்கோணமலையின் துறைமுகம் இன்னும் பல கொடிகளைக் காணும். தளங்கள் வரும், போகும். தொழிற்சாலைகள் திறக்கும், மூடும். எந்த எஜமான் வந்தாலும் போனாலும், நோயுற்ற உழைப்பாளியின் அடுப்பு அணையாதிருக்க ஊர் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுமாயின், வள்ளுவனார் கூறிய நான்கு உறுப்புகளும் நம் பட்டினத்திலே நிறைவுபெறும். அந் நான்காவது உறுப்பாக நிற்பவர்கள் நமது வாலிபர்களாகுக.